முடிவைச் சொல்லிவிடும் உமாதேவி

“கடைசியில அந்தக் குழந்தை குளத்துல மூழ்கிச் செத்துப்போயிடும்.”

உமாதேவி இதைச் சொன்னதும் பேருந்துக்குள் பேச்சு அப்படியே நின்றது.

மைசூரின் ஹெப்பாளில் உள்ள தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்து அது. திங்கட்கிழமை காலை என்றால் சினிமாப் பேச்சுதான். ஸ்வாதி கம்பியைப் பிடித்து நின்றபடி, முந்தைய நாள் பார்த்த புதுப் படத்தின் கதையைப் பாதிவரை சொல்லி, “கிளைமாக்ஸை மட்டும் சொல்லமாட்டேன். லைட் போட்ட பிறகும் என்னால சீட்டை விட்டு எழுந்திருக்க முடியலை. அப்படி ஒரு ஷாக்!” என்று நிறுத்தியிருந்தாள். அடுத்த நொடியில், முன் இருக்கையிலிருந்து திரும்பாமலேயே உமாதேவி முடிவைச் சொல்லிவிட்டாள்.

“பேடா அக்கா, வேண்டாம்!” என்று ரூபா காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திப் பயனில்லை. விழ வேண்டியது விழுந்துவிட்டது.

“ஏன் உமாக்கா, எட்டுப் பேருக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? வர்ற ஞாயித்துக்கிழமைக்கு. ஒவ்வொருத்தர் வீட்லயும் மாமியார்கிட்ட நானே போன்ல பேசி, கெஞ்சி, சம்மதம் வாங்கியிருக்கேன். இப்ப அங்க போய் எதைப் பாக்கிறது?” என்றாள் ரூபா.

“பாட்டெல்லாம் நல்லாயிருக்கு. பாக்கலாம்.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பாப்பாத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“போன மாசம் பேய்ப் படத்துக்கும் இப்படித்தான். ‘பயப்படாம போங்க, அந்தப் பையன் பொழைச்சுக்குவான்’னு சொல்லிட்டாங்க. அப்புறம் பேய் வந்தப்ப எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு.”

“அதைவிடக் கேளுங்க,” என்றாள் ஸ்வாதி. “அந்தப் போலீஸ் படத்துல கொலை செஞ்சது யாருன்னு நானே வலியப் போய்க் கேட்டேன். அதைச் சொல்லலை. ‘நீயே பாத்துக்கோ’ன்னுட்டாங்க.”

“வேணும்னு கேட்டா சொல்லமாட்டாங்க. வேண்டாம்னா சொல்லுவாங்க. அது ஒரு புத்தி,” என்றாள் ரூபா.

உமாதேவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அது ரூபாவின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“புதுப்படம் வந்தா ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம தனியா தியேட்டருக்கு ஓடறீங்க. அவ்வளவு சினிமாப் பைத்தியம்! நீங்க மட்டும் ரசிக்கணும், மத்தவங்க ரசிச்சா பொறுக்காது. அப்படித்தானே?”

“தெரிஞ்சுட்டுப் போறது நல்லது ரூபா.”

“உங்க நல்லது எங்களுக்கு வேண்டாம். இனிமே இந்த பஸ்ல படத்தைப் பத்தி நீங்க பேசவே கூடாது. எல்லாரும் என்ன சொல்றீங்க?”

“ஆமா! ஆமா!” என்று நாலாபுறமும் குரல்கள் எழுந்தன. இரண்டு பேர் கையும் தட்டினார்கள்.

உமாதேவியின் முகம் சுருங்கியது. “சரி. இனிமே சொல்லலை,” என்றாள்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து மகேஸ்வரியின் குரல் மெல்ல வந்தது.

“ரூபா, ஞாயித்துக்கிழமை நான் வரலை. என் டிக்கெட்டை வேற யாருக்காவது குடுத்துடு.”

“பாத்தீங்களா உமாக்கா? திருப்திதானே? வீட்டுக்காரரோட தவிர வேற யார்கூடயும் படத்துக்கு வராதவங்க, இந்த ஒரு தடவைதான் எங்ககூட வர ஒத்துக்கிட்டாங்க. அதையும் கெடுத்தாச்சு!”

பேருந்து தொழிற்சாலை வாசலில் நின்றது. உமாதேவி யாரையும் பார்க்காமல் முதல் ஆளாக இறங்கி உள்ளே போய்விட்டாள்.

ரூபா மகேஸ்வரியோடு சேர்ந்து நடந்தாள்.

“கதை தெரிஞ்சா என்னக்கா, நாம எல்லாரும் ஒண்ணா போறதுதானே சந்தோஷம்? வாங்க. அவங்களை நான் கேட்ட கேள்விக்கு இனிமே ஜென்மத்துக்கும் முடிவைச் சொல்லமாட்டாங்க.”

மகேஸ்வரி சட்டென்று நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“அப்படிச் செய்யாதே ரூபா. பழையபடி சொல்லச் சொல்லு. நீயே போய்ச் சொல்லு.”

“உங்களுக்கென்ன அக்கா, கிறுக்கா?”

மகேஸ்வரி பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நாங்க மைசூருக்கு வந்த புதுசுல, நானும் உமாக்காவும் ஒரே கட்டடத்துல சித்தாள் வேலை பாத்தோம். அங்க தண்ணித் தொட்டியை மூடாம வச்சிருந்தாங்க. என் பையன் அதுல விழுந்துட்டான். மூணு வயசு.”

ஷிஃப்ட் சைரன் ஒலித்தது. இருவரும் நகரவில்லை.

“வீட்லயே இருந்தா பைத்தியம் பிடிக்கும்னு அவர் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவாரு. ஒரு படத்துல இதே மாதிரி ஒரு காட்சி. தியேட்டர்லயே மயங்கி விழுந்துட்டேன். அதுக்கப்புறம்தான் உமாக்கா முடிவைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எதுக்குன்னு அவங்களும் சொன்னதில்லை. அந்த பஸ்ல என் விஷயம் வேற யாருக்கும் தெரியாது. தெரியவும் அவங்க விடலை.”

“அக்கா… எனக்குத் தெரியாம…”

“இன்னொண்ணும் உனக்குத் தெரியாது. அன்னிக்குத் தொட்டிக்குள்ள இறங்கி என் பையனைத் தூக்கிட்டு வந்தது அவங்கதான். அவங்களுக்கு ஏது ரூபா சினிமாப் பைத்தியம்? எனக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பாத்துட்டு வரணுமேன்னு போறாங்க.”