தாலிக்கு மதிப்பெண்

கண் அறுவைப் பயிற்சியில் டாக்டர் இளம்பரிதிக்கு அது கடைசி வாரம். கைவேலையைப் பார்த்து மதிப்பெண் சொல்லும் பேசும் மூக்குக்கண்ணாடியை ஒரு நிமிடம் கழற்றினாலும் மூன்றாண்டுப் படிப்பு வீண். அதனால் மணமேடையிலும் போட்டுக்கொண்டே உட்கார்ந்தான். தேர்ச்சிக்கு இன்னும் ஒரே ஒரு தையல் பாக்கி. எந்தக் கயிற்றில் முடிச்சு விழுந்தாலும் கண்ணாடிக்கு அது தையல்தான்.

தாலிக் கயிற்றில் முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டையும் வழக்கப்படி அவன் அக்கா அன்புக்கரசி போட்டாள்.

கெட்டிமேளம் ஓய்ந்ததும் கண்ணாடி பேசியது. "முதல் முடிச்சு தளர்வு. மீதியைப் பாதியில் கைவிட்டீர்கள். தோல்வி."

"ஐயோ, அதை நாத்தனார்தான் போடணும்! எங்க வழக்கம் அது!" என்றான் இளம்பரிதி.

"அந்த இரண்டும் வெகு நேர்த்தி. போட்ட அம்மையார் தேர்ச்சி. திங்கட்கிழமை கண்புரை அறுவை செய்ய வரவும். இளம்பரிதி பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுக்கலாம்."

"நானா?" அன்புக்கரசி அலறினாள். "பல்லியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்டா!"

மணப்பெண் நறுமுகை தலை நிமிராமல் கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டுங்க. உங்க முடிச்சு நிக்குமா?"

இளம்பரிதி வாய் திறப்பதற்குள் கண்ணாடி முந்திக்கொண்டது.

"நோயாளி பயப்பட வேண்டாம். பத்து நாளைக்குத் தலைக்குக் குளிக்காமல் இருந்தால் போதும்."