மூன்றாவது எழுத்து

புன்னைக்காயல் கழிமுகச் சேற்றில் ஓர் உள்ளான் நிற்கிறது. காலில் மஞ்சள் வளையம். பறவைக் கணக்கெடுக்க வந்த ஷஃபீகா தொலைநோக்கி வழியே வளையத்து எழுத்துகளைப் படிக்கிறாள். எந்தத் தேசத்தில் வளையம் மாட்டிவிட்ட பறவையென்று அவைதான் சொல்லும். இரண்டு தெரிந்துவிட்டன, மூன்றாவது சேற்றுக்குள். அந்நேரம் பார்த்து இன்ஜின் தடதடக்க ஒரு வள்ளம் வருகிறது. உள்ளான் கழுத்தை நிமிர்த்துகிறது. அவள் பதறிக் கையை உயர்த்துகிறாள். சத்தம் சட்டென்று அடங்க, வள்ளக்கார இன்னாசி கம்பை ஊன்றி நிறுத்திவிடுகிறார். தூரத்துக் கரையில் மீன் ஏலக்காரர் கையசைத்துக் கூப்பிடுகிறார். “மீன் கெட்டுப்போவாதா அண்ணாச்சி?” அவள் மெல்லக் கேட்கிறாள். “எம்மீனு செத்துட்டுல்லா, பறக்காது. நீங்க அதப் பாருங்கம்மா.” உள்ளான் சேற்றிலிருந்து காலை உருவுகிறது. வளையம் வெயிலில் முழுசாகத் தெரிகிறது. கண் கலங்கி நிற்கும் அவளுக்குத்தான் எழுத்து தெரியவில்லை.