சின்ன ர

அக்கா தன் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினாள். நான் என்னுடையதை அவள் பக்கம் தள்ளினேன்.

அச்சகத்தில் அதுதான் வழக்கம். எழுதியவர் தன் எழுத்தைத் தானே திருத்தக் கூடாது. எழுத நினைத்தது கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது.

மெய்ப்புத் திருத்தும் பிரிவில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா சேர்ந்து பதினோரு வருடம், நான் ஆறு. சாப்பிட்டு முடித்து டப்பாக்களைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்திருந்தோம். கீழ்த்தளத்தில் இயந்திரம் ஓடியதால் மேஜை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கா ஒரு சோதனை வைப்பாள். ஒரு பக்கத்தைத் தன் கையால் எழுதி, அதில் ஒரே ஒரு பிழையை ஒளித்துத் தருவாள். ஒளித்த இடம் தனக்கே மறந்துவிடும் என்று, அந்தச் சொல்லுக்கு நேர் பின்னால், தாளின் முதுகில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வாள்.

எனக்கும் வைத்தாள். தங்கச்சி என்று பார்க்கவில்லை. மூன்று முறை வாசித்தும் நான் கண்டுபிடிக்காதபோது, “இது கண்ணா, புண்ணா?” என்றாள்.

விண்ணப்பங்களை மாற்றிக்கொண்ட அன்று காலையில்தான் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். மாத இறுதிக்குள் ஆட்குறைப்பு இருக்கலாம், மெய்ப்புப் பிரிவு மொத்தமும் அதில் போகலாம் என்று. மேலாளர் எங்களிடம் காட்டாமல் தானே எழுதி ஒட்டியது. தலைப்பில் ‘ஆட்குரைப்பு’ என்றிருந்தது.

“ஆளைப் பாத்துக் குரைக்கப் போறாங்களாம். பயப்படாதடி, குரைக்கிறது கடிக்காது,” என்றாள் அக்கா. சிவப்புப் பேனாவால் சின்ன ர-வை வெட்டி, ஓரத்தில் பெரிய ற போட்டாள். எங்களை வீட்டுக்கு அனுப்பும் தாளானாலும் பிழையோடு தொங்கக் கூடாது அவளுக்கு.

ஊரின் மறுகோடியில் ஒரு பாடநூல் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்த ஆள் கேட்டிருந்தார்கள். ஒரே ஓர் இடம். கைப்பட எழுதிய விண்ணப்பம், ஒரு பக்கம். ஒரு பிழை இருந்தாலும் பரிசீலிக்கப்படாது.

அக்கா வீட்டில் அத்தான் முதுகெலும்பு போய்ப் படுத்து இரண்டு வருடம். என் வீட்டில் நானும் மகளும் மட்டும். யாருக்குத் தேவை அதிகம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் எங்களில் ஒருத்தி எழுதியிருக்க மாட்டாள்.

அக்காவின் கையெழுத்து, கோத்த மணி மாதிரி இருக்கும். மூன்றாவது வரியில், ‘தற்போதைய பணியிடத்தில் ஆட்குரைப்பு நேரக்கூடும் என்பதால்’ என்றிருந்தது.

என் பென்சில் அங்கே நின்றது.

பிழை திருத்துகிறவர்களுக்குப் பிழை தொற்றும். காலையில் வெட்டிப்போட்ட எழுத்து மதியம் நம் விரலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கே நடந்திருக்கிறது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா என் தாளைப் பாதி வாசித்திருந்தாள். “இங்க ஒரு ‘க்’ விட்டுப்போச்சு. அடிச்சுத் திருத்தாத, புதுசா எழுதிடு,” என்று வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான் எழுதி முடிக்கும்வரை இருந்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

“சுத்தம்,” என்றாள்.

பிழையில்லாத பக்கத்துக்கு நாங்கள் சொல்கிற ஒரே சொல் அது.

“என்னுது?”

“சுத்தம்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகமாகப் பார்த்திருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

வேலை எனக்குக் கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் பார்த்தேன். அக்கா ஒரு துணிக்கடையில் பொட்டலம் கட்டப் போனாள். கடைப் பலகைகளில் பார்த்த பிழைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிச் சிரிப்பாள். ஒரு தடவைகூட அந்த மதியத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

போன மாதம் அவளுடைய மரண அறிவிப்பை நான்தான் எழுதினேன். ஐந்து வரி. மாற்றிக்கொண்டு வாசிக்க ஆள் இல்லை. நானே எழுதி, நானே வாசித்து, பத்திரிகைக்குக் கொடுத்தேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு.

அன்று, ‘சுத்தம்’ என்று நான் சொன்ன பிறகு, அக்கா தன் விண்ணப்பத்தை வாங்கி மூன்றாக மடித்தாள். எழுத்து உள்ளே போய், தாளின் முதுகு வெளியே வந்தது. மூன்றாவது வரிக்கு நேர் பின்னால் ஒரு பென்சில் புள்ளி.

அவள் அதை மறைக்கவில்லை. உறைக்குள் போட்டுவிட்டு, கோந்துப் புட்டியின் மூடியைத் திருகினாள்.

“ஒட்டிடவாடி?” என்றாள்.

“ஒட்டுக்கா,” என்றேன்.