கரைக்குத் திரும்பிய புள்ளி

கடலுக்குப் போனவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் ஒரு புள்ளியாக வீட்டாருக்குக் காட்டும் செயலியை, கல்முனையில் தன் வீட்டிலிருந்தே முஸ்பிறா நடத்திவந்தாள். ஒரு காலையில் பாண்டிருப்பு நிலாந்தினி, மீன்பிடிக்கும் தன் கணவன் சுஜீபனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவர் போன கிழமையே வந்திட்டார், தங்கச்சி. உங்கட செயலி இவர் இன்னும் கடலுக்குள்ள எண்டு காட்டுது."

அவனுடைய போனில் வேறொரு நிரல் புகுந்து, செயலியை இடைமறித்துப் பொய் சொல்ல வைக்கிறது என்று முஸ்பிறா நினைத்தாள். அப்படி எது கைவைத்தாலும் செயலி உடனே மூடிக்கொள்ளும்படி ஒரு காவலை எழுதிச் சேர்த்தாள். தானே இடைமறித்துப் பார்த்தாள்; மூடிக்கொண்டது. பிறகு தன் இடைமறிப்பை நீக்கிவிட்டு, சுஜீபனின் போனில் திறந்தாள். செயலி மூடவில்லை. நடுக்கடலில் அதே புள்ளி நின்றது.

"ஒருத்தரும் கை வைக்கல்ல. இது உள்ளதத்தான் சொல்லுது" என்றாள். சொன்ன பிறகுதான், அப்படியென்றால் இங்கே இருப்பது யார் என்று அவளுக்கு உறைத்தது.

நிலாந்தினி கணவனைப் பார்த்தாள். அவன் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது புள்ளி அசைந்தது. பாண்டிருப்புக் கரையை நோக்கித் திரும்பி, வேகமாக வரத் தொடங்கியது. நிலாந்தினி எழும்பிக் கடற்கரைப் பக்கம் ஓடினாள்.

சுஜீபன் எழும்பவில்லை.

"கதவச் சாத்திவிடுங்க, தங்கச்சி" என்றான் மெதுவாக.