முதலில் கற்ற எழுத்து

"அம்மி, அங்கேயே நில்லுங்க. உள்ள வராதீங்க. நான் படிச்சுக் காட்றேன்."

இஃப்ரா இதைத் தமிழிலேயே சொன்னாள். அவள் அம்மா அஃப்ஸர் ஜஹான் பழப்பையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

இஃப்ரா ஓடிப்போய்ச் சுற்றுச்சுவர் முன்னால் நின்றாள். இந்த இடத்தின் பெயரை அதில் ஆள் உயரத்துக்குப் பெயின்டில் எழுதியிருந்தார்கள்.

அஃப்ஸர் ஜஹானுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். புருஷன் இறந்த பிறகு கம்பெனிப் பெண்கள் சிலரோடு ஒரே அறையில் தங்கிக்கொண்டார். அங்கே பிள்ளைக்கு இடமில்லை. ஹாஸ்டல் என்று மகளிடம் சொல்லி அவளைச் சத்துவாச்சாரியில் இங்கே கொண்டுவந்து விட்டார். மாதம் ஒரு ஞாயிறு வந்து பார்ப்பார்.

நான் எல்லா ஞாயிறும் வருகிறவள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித் தருகிறேன்.

நாலாம் வகுப்புக்கு வந்தும் இஃப்ராவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. வீட்டில் பேசுவது உருது. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலே தலை குனிந்துவிடும். கழித்தலில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கச் சொன்னால், "கடன் வாங்கக் கூடாதுன்னு அம்மி சொல்லிருக்காங்க மிஸ்" என்பாள். இவளை என்ன செய்வது?

முதல் நாள், உனக்கு எந்த வார்த்தை எழுத ஆசை என்று கேட்டேன்.

"ஹாஸ்டல்" என்றாள். "எங்க ஹாஸ்டல்."

'ஹா'வெல்லாம் கடைசியில்தான் வரும் என்றேன். கேட்டால்தானே? ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் 'அ'வில் தொடங்க, இவள் மட்டும் 'ஹா'வில் தொடங்கினாள்.

நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு சட்டம்தான். படித்தது எதிரில் இருப்பதோடு பொருந்தவில்லையா? அப்படியானால் தப்பாகப் படித்திருக்கிறாய். மறுபடி முதல் எழுத்துக்குப் போ.

அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட்டாள். பிஸ்கட் உறை, பஸ் போர்டு, சோப்பு டப்பா எதையும் விடுவதில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இந்தச் சுவரை மட்டும் அம்மா வருகிற நாளுக்கென்று படிக்காமல் வைத்திருந்தாள்.

வாராவாரம் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் அதையெல்லாம் எங்கே படிக்கிறோம்? அவள் விரல் முதல் எழுத்தின் அடியில் போய் நின்றபோதுதான் நானும் அதைப் படித்தேன்.

"ஆ... த... ர... வ... ற்... ற. ஆதரவற்ற. பெண் குழந்தைகள் இல்லம்."

திக்காமல் படித்து முடித்துத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆதரவற்றன்னா இன்னா மிஸ்?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த பெரிய பெண் ஒருத்தி அங்கிருந்தே சொன்னாள்: "யாருமே இல்லாதவங்கன்னு அர்த்தம்டி."

இஃப்ரா அம்மாவைப் பார்த்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பாப் படிச்சிட்டேன் மிஸ். அம்மிதான் இங்கயே நிக்கிறாங்களே."

நான் சொல்லிக்கொடுத்தபடியே முதல் எழுத்துக்குப் போனாள். இன்னும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மறுபடியும் அதே வார்த்தைதான் வந்தது.

இப்போது என்னைப் பார்த்தாள்.

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எத்தனை மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன்.

"தப்புதான்மா" என்றேன்.

அஃப்ஸர் ஜஹானுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் அறிந்ததில்லை. ஆனால் மகளை எங்கே விட்டிருக்கிறோம் என்பது தெரியும். பழப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஹாஸ்டல்னுதான் போட்டிருக்கும் பேட்டா. நல்லாப் பாரு."

இஃப்ரா தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் விரல் அந்த வரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று, 'ஹா'வைத் தேடிக்கொண்டு போனது.