மாமா வந்தால் லைன் போகும்

மாமனார் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் இன்டர்நெட் போய்விடுகிறது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மருமகள் ஒரு மாதம் முழுக்கக் கவனித்துவிட்டாள். பள்ளிக்கூட நாள் ஒன்றுகூடத் தப்பவில்லை.

வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. மூன்றரை மணிக்கு மாமனார் பேத்தி குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவார். ஐந்தே நிமிடம்தான். வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கத்திக்கொண்டிருக்கும் ஆள் பாதிக் கத்தலில் காணாமல் போய்விடுவார்.

மேலாளர் இரண்டு தடவை எச்சரித்தாயிற்று. மூன்றாவது தடவை சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கணவனும் வேலை போய், புதிது தேடிக்கொண்டிருக்கிற நேரம், வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்.

மாமனார் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வந்ததும் சோபாவில் சாய்ந்து போனில் பழைய குத்துச்சண்டை பார்ப்பார். அவருக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான். அந்தப் போன்தான் தன் லைனை விழுங்குகிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"மாமா, உங்க போன் உள்ள வந்தாலே என் லைன் போகுது. நான் வேலை முடிக்கிற வரைக்கும் அதை எங்கயாவது தூரமா வச்சுக்கோங்களேன்."

அவர் குட்டியை உள்ளே விட்டுவிட்டு, போனோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.

மறுநாளும் லைன் போனது. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கும் போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் அவர் வாசல் கேட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்கு. வீம்பு பண்ணுகிறார் என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேறு, "மாமாவை வெளியே உட்கார வச்சிட்டியாமே" என்று கேட்டு வைத்தாள்.

"உங்கப்பா என்னை ஊர் பார்க்க அசிங்கப்படுத்துறார்" என்று கணவனிடம் எள்ளும் கொள்ளுமாக வெடித்தாள். வெளியே கிளம்புவதற்குள் ஒரு தடவை போனைப் போட்டுவிட்டுத்தான் போகிறார் என்பது அவள் சந்தேகம். இல்லாவிட்டால் லைன் ஏன் போக வேண்டும்?

கடைசியில் அரை நாள் லீவு போட்டு, குட்டி பள்ளி விட்டு வந்த நேரத்துக்கு ரவுட்டர் பார்க்கிற பெண்ணை வரச் சொன்னாள். மாமனாரின் போன் வைஃபைக்குள் நுழையவே கூடாது, அப்படிப் பூட்டித் தர வேண்டும் என்றாள்.

அந்தப் பெண் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பூட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை.

"ஒரே நம்பர்ல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே, மேடம்."

வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஒரு நம்பர் கொடுக்குமாம், பஸ்ஸில் சீட் நம்பர் மாதிரி. ஒரே நம்பருக்கு இரண்டு பேர் வந்தால் மல்லுக்கட்டுதான், லைன் அறுந்துவிடும் என்றாள். அதில் ஒன்று இவளுடைய லேப்டாப்.

"இன்னொண்ணு மாமா போன்தானே?"

"இல்ல, குழந்தையோட டேப்லெட். யாரோ கையாலயே நம்பர் போட்டு வச்சிருக்காங்க. ரவுட்டருக்கு அது தெரியாது. காலியா இருக்குன்னு நினைச்சு அதே நம்பரை உங்க லேப்டாப்புக்கும் கொடுத்திருக்கு."

அந்த யாரோ யார் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் குட்டி விளையாடக் கூடாது, ஒரே நம்பராக இருந்தால் அதற்கு மட்டும் நெட்டை நிறுத்திவிடலாம் என்று, மூன்று மாதத்துக்கு முன் ஏதோ வீடியோவைப் பார்த்து, டேப்லெட்டுக்கு மாறாத நம்பர் போட்டவள் அவளேதான். பள்ளி விட்டு வந்ததும் குட்டி முதலில் தொடுவதும் அந்த டேப்லெட்டைத்தான்.

அந்தப் பெண் டேப்லெட்டைச் சரிசெய்தாள். இனி மோதாதபடி ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரிலேயே தனித்தனி நம்பர் ஒதுக்கிக்கொண்டு வந்தவள், ஒரு பெயரில் நின்றாள்.

"இதுல 'மாமா'ன்னு ஒரு போன் இருக்கு. நாப்பத்திரண்டு நாளா வைஃபை பக்கமே வரல. பழசுன்னா அழிச்சிடவா?"

நாற்பத்திரண்டு நாள். ஒரு தடவைகூட அவர் ஏமாற்றவில்லை. பெற்ற அப்பாவாக இருந்தால் இப்படிச் சந்தேகப்பட்டிருப்போமா என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

"அழிக்காதீங்க. அதுக்குத்தான் முதல்ல நம்பர் போடணும்."

குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவர் இல்லை. பக்கத்தில் செருப்பு தைக்கிறவரிடம் விசாரித்தாள். பெரியவர் இங்கே வருவதை விட்டுப் பத்து நாளாகிறது, ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் போய்ப் பாருங்கள் என்றார் அவர்.

அது மூன்று ஸ்டாப் தள்ளி. வேகாத வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தாள்.

நிழல்கூட இல்லாத பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார் மாமனார். அணைத்துவைத்த போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதையும் துண்டில் முடிந்து மடியில் வைத்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இங்கிருந்துமா லைன் போகுது? நீ கவலைப்படாதேம்மா, நாளையிலிருந்து இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் உட்கார்ந்துக்கிறேன்."