வழியில் நின்ற கார்

மெக்கானிக் காரின் பெட்ரோல் குழாயைக் கழற்றி, முனையைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டார்.

"இழுங்க, அம்மிணி."

ஓட்டுநர் இருக்கையில் இருந்த வசந்தாமணி ஸ்டார்ட்டரை இழுத்தாள்.

பெட்ரோல் பீய்ச்சியது. விட்டு விட்டு, ஒரே அளவில்.

பெட்ரோலை இன்ஜினுக்கு ஏற்றும் பியூயல் பம்ப் நன்றாக இருந்தது.

அவர் நம்பவில்லை. இன்ஜின் ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். பம்ப்புக்குள் ரப்பர் கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கும்.

வாசனை இல்லை.

வசந்தாமணியின் அப்பா இறந்து பதினேழு நாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை மகன் குழந்தைவேலு இந்தப் பழைய காரில்தான் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பாதி வழியில் பெட்ரோல் ஏறாமல் கார் நின்றுவிட்டதாம். முக்கால் மணி நேரம் கிளம்பவே இல்லையாம். பெரியவர் பின்சீட்டிலேயே போய்விட்டார்.

முந்தின மாதம் அந்தப் பம்ப்பைப் பிரித்து மாட்டியவர் இவர்.

எழவு வீட்டில், எல்லோர் முன்னாலும், குழந்தைவேலு அவர் சட்டையைப் பிடித்தான். அதன்பின் பட்டறைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. அவர் மனைவிகூட ஒருநாள் கேட்டாள், சரியாத்தான் மாட்டுனீங்களா என்று.

அவரும் தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று வசந்தாமணி கூப்பிட்டனுப்பியிருந்தாள். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம்.

"சூடானா நின்னு போகுமுங்களாண்ணா?"

போகும் என்று சொல்லமாட்டாரா என்பதுபோல் கேட்டாள்.

"ஓட்டிப் பாத்துரலாம்."

குழாயை மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். உச்சி வெயில். பம்ப்பு நன்றாகச் சூடாகட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். மேடு ஏறியது. பேருந்துகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. எங்கேயும் திக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

வசந்தாமணி இறங்கவில்லை. மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிப்பாட்டறப்ப அப்பா பெருவெரல்ல கைநாட்டு மையாட்டம் கருப்பா இருந்துச்சுங்ணா. கிரீஸுன்னு அண்ணன் சொன்னான்."

பின்சீட்டில் கிடந்த மனிதர் எந்தக் கிரீஸைத் தொட்டிருக்க முடியும்?

அவர் கியரைப் போட்டார். வண்டியைத் திருப்பினார்.

பாதி வழியில் அவளே சொன்னாள்.

"பம்ப்புன்னே சொல்லிருங்ணா. எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு வேணும்."

பதினேழு நாளாக அவர் தூங்கவில்லை.

வீட்டு கேட்டருகே குழந்தைவேலு நின்றிருந்தான். பங்காளிகள் இரண்டு பேர் கூட இருந்தார்கள்.

"பம்ப்புதானே?" என்றான்.

வசந்தாமணி அவரையே பார்த்தாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். இன்ஜினை அணைக்கவில்லை.

அவர் நடந்து தெரு திரும்பும்வரை அது சீராக ஓடுவது கேட்டது. யாரும் போய் அணைக்கவில்லை.